சிஸ்டர் வீட்டுக்காரர் வாங்கிய கேம் ஷாஃப்ட்

மாவு மில்லின் வாசலில், லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. மூன்று பக்கமும் கண்ணாடி. அதற்குள்தான் அவருடைய உத்தியோகம். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. இரண்டையும் சீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். சீட்டு வர ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவர்கள் கண்ணாடியைத் தட்டி, "எடைக்காரரே, தூங்கிட்டீங்களா?" என்று கத்துவார்கள். அவர் ஒருநாளும் வேலையில் தூங்கியதில்லை. பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. மில்லில் எல்லோருக்கும் அவர் எடைக்காரர்.

மில் கேட்டைத் தாண்டினால் அந்தப் பெயரும் போய்விடும். குடியிருந்த பகுதியில் அவரைச் 'சிஸ்டர் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். மனைவி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு, மேலே உட்கார்ந்திருப்பவர்களின் அதிகாரம் பிடிக்காமல் வெளியே வந்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தவர். ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டி முதுகு துடைத்துவிடுவது. சிஸ்டர் கை பட்டால் குத்தினதே தெரியாது என்று அந்தப் பக்கத்தில் பேர். மளிகைக் கடையில் கூட்டமாக இருந்தால், "சிஸ்டர் வீட்டுக்காரர் நிக்கிறாரு பாரு, முதல்ல அனுப்பு" என்பார் கடைக்காரர். எடைக்காரர் சாமானை வாங்கிக்கொண்டு வருவார். மரியாதை தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

சிஸ்டருக்குக் கால் மாதிரி இருந்தது அந்தக் கார். வெளிறிய பச்சை நிறம், அவர்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. சிஸ்டரின் அப்பா தனக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது, "எனக்கப்புறம் இதை உன்னாலதான் வச்சுக் காப்பாத்த முடியும்" என்று மகளிடம் கொடுத்தது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில்கூட சிஸ்டர் அதை இரண்டாவது கியரில் ஊசிக்குள் நூல் நுழைகிற மாதிரி நுழைத்து எடுப்பார்.

கல்யாணமான புதிதில் எடைக்காரருக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்தது சிஸ்டர்தான். கைராசிக்காரராக இருந்தாலும் பொறுமை கம்மி. லைசென்ஸ் வாங்கிய சில வாரத்தில், சாயங்காலக் கடைத்தெருவில், எடைக்காரர் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி நின்றுபோனது. திருப்பி எடுத்தார், மறுபடி நின்றது. பின்னால் ஒரே ஹாரன். பழக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து, "இறங்குங்க, நான் எடுக்கிறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊசி போடும்போது "திரும்பிப் படுங்க" என்று சொல்வார் இல்லையா, அந்தக் குரல். எடைக்காரர் இறங்கினார். அதற்குப் பிறகு சிஸ்டர் கூட இருக்கும்போது அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கத்து சீட்டில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

சொந்தக்காரர்கள் கூடினால் சிஸ்டர் அதை நகைச்சுவையாகச் சொல்வார். "இவர் வண்டி எடுத்தா நடந்து போறவங்க டாட்டா காட்டிட்டு முன்னாடி போவாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். எடைக்காரரும் சிரிப்பார். சிஸ்டருக்கு அதில் விஷம் எதுவும் கிடையாது. சொன்ன மறுநிமிடம் மறந்துவிடுவார். கேட்டவருக்குத்தான் மறக்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போன வருஷம் காரில் ஒரு சத்தம் கிளம்பியது. டிக் டிக் என்று, யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி. மேடு ஏற மறுத்தது. பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டறைக்காரரின் பட்டப்பெயர் 'நாளைக்கு'. எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் "நாளைக்கு ரெடி" என்பதால் வந்த பெயர். நாற்பது வயது, கையில் எப்போதும் கிரீஸ். வேலையில் குறை சொல்ல முடியாது, நாளில்தான் குறை.

இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு நாளைக்கு ஒரு நீளமான இரும்புத் தண்டை எடுத்துக் காட்டினார். அதில் வரிசையாக முட்டை வடிவத்தில் மேடுகள். இரண்டு மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது.

"கேம் ஷாஃப்ட் போச்சு சிஸ்டர். புதுசு போடணும். கம்பெனி இந்த மாடலுக்குச் செய்றதை எப்பவோ நிறுத்திட்டான். வெளியில ஒருத்தன் செய்றான், அதுல ரகம் ரகமா இருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

சிஸ்டருக்கு அன்று போக வேண்டிய வீடுகள் நிறைய. "என்னங்க, நீங்களே பார்த்து முடிச்சிடுங்க" என்றார் கணவரிடம். "முன்னாடி எப்படி ஓடுச்சோ அப்படி ஓடினா போதும்." சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கார் விஷயத்தில் எடைக்காரரிடம் விடப்பட்ட முதல் முடிவு அது. மில் முடிந்ததும் அவர் நேரே பட்டறைக்குப் போக ஆரம்பித்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்து நாளைக்கு சொல்வதைக் கேட்டார். பட்டறையில் அவரை 'சார்' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் இன்னும் பத்து டீ வாங்கியிருப்பார்.

"இன்ஜினுக்கு வாயும் மூக்கும் வால்வுதான் சார்" என்று நாளைக்கு விளக்கினார். "அதை எப்போ திறக்கணும், எவ்வளவு திறக்கணும், எப்போ மூடணும், எல்லாம் இந்தத் தண்டு சொல்றதுதான். ஒண்ணாம் நம்பர் கேம் பழசு மாதிரியே, பிக்கப் கொஞ்சம் கூடும். ரெண்டாம் நம்பர் ரெண்டுங்கெட்டான். மூணாம் நம்பர் பந்தயக்காரனுக்கு. வால்வு ரொம்ப நேரம் திறந்தே இருக்கும். வண்டி பறக்கும்போது நல்லது, நிறையக் காத்து உள்ளே போகும். மெதுவாப் போனா உள்ளே போன காத்து திரும்பி வந்துடும். குலுங்கும், திக்கும், நின்னுடும்."

"எப்போ நல்லா இழுக்கும்?"

"மூவாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல. அதுக்குக் கீழ அது பொணம் சார். இன்னொண்ணு, உங்க பிரேக்கு இலகுவா இருக்கிறதே இன்ஜின் காத்தை உறிஞ்சுற பலத்துல. மூணாம் நம்பர் போட்டா மெதுவா ஓடும்போது அந்தப் பலம் குறையும். மிதி கல்லு மாதிரி ஆயிடும்."

பட்டறைக்குத் தினமும் வந்துபோகும் ஒருவர் இருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "ஆறாயிரத்துல பாருங்க" என்று இன்ஜின் சுற்றுக் கணக்கில் கொண்டுபோய் முடிப்பதால் 'ஆறாயிரம்' என்றே பெயர். அவரிடம் அதே மாடல் கார், மூணாம் நம்பர் கேம் போட்டது, இருந்தது. "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று எடைக்காரரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். சும்மா நின்றபோதே அந்த வண்டி கட்டிப்போட்ட மிருகம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஆறாயிரம் ஆக்சிலேட்டரை அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல எடைக்காரர் சீட்டோடு ஒட்டிக்கொண்டார். லாரிகள் பின்னால் போயின. கண்ணாடியைத் தட்டும் அதே லாரிகள். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று பட்டதால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் நாளைக்கு கேட்டார். "என்ன சார், ஆர்டர் போட்டுடட்டுமா? சிஸ்டருக்கு ஒண்ணாம் நம்பர் போதும். வேற யோசனையே வேணாம்."

எடைக்காரர் ஒண்ணாம் நம்பர் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அதுதான் சரி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் 'சிஸ்டருக்கு' என்ற சொல் முள்ளாகக் குத்தியது.

"மூணாம் நம்பர் போடுங்க" என்றார்.

நாளைக்கு கையைத் துணியில் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "சிஸ்டர் சந்துக்குள்ள போற வண்டி சார் இது. அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் மூணாம் நம்பர் வேணும்னு சொன்னாங்க."

"ஒரு போன் போட்டுக் கேட்டுக்கட்டுமா?"

"ஏன், என் பேச்சுக்கு மதிப்பில்லையா? நான் என்ன எடுபிடியா?"

பட்டறையில் வேலை நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எடைக்காரர் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. நாளைக்கு, "கோவிச்சுக்காதீங்க சார், போட்டுடலாம்" என்றார். கூடவே சுற்று காட்டும் மீட்டர் ஒன்றையும் டாஷ்போர்டில் வைக்கச் சொன்னார் எடைக்காரர்.

வீட்டில் சிஸ்டர் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே, "எதுங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"நல்லதாப் பார்த்துத்தான்."

"நல்லவேளை, எனக்கு ஒரு தலைவலி விட்டுச்சு" என்றார் சிஸ்டர். நம்பிச் சொன்ன அந்த வார்த்தை எடைக்காரரைக் கொஞ்ச நேரம் குடைந்தது. பிறகு சாப்பிட்டார்.

வண்டி தயாராகி வந்த அன்று அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. மறுநாள் காலை சிஸ்டர் எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? ஊர்ந்து போக மாட்டேங்குது, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுது. போற இடத்துல எல்லாம் நின்னுடுது."

"இது வேற மாதிரி இன்ஜின். ஆக்சிலேட்டரை விடாமப் பிடிச்சு ஓட்டணும். உனக்குப் பழைய பழக்கம்."

"சந்துக்குள்ள ஆக்சிலேட்டரைப் பிடிச்சா நான் யார் வீட்டுக்குள்ள போய் நிக்கிறது?"

"நான் சொல்லித் தர்றேன் வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அதைக் கொடு, இதை விடு, இப்போ இல்லை, அப்போவே. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கடைத்தெருவில், கூட்டத்துக்கு நடுவில் வண்டி குலுங்கி நின்றது. ஹாரன் கேட்டது. எடைக்காரர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய், "இறங்கு, நான் எடுக்கிறேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் இத்தனை வருஷமாகத் தனக்குள் அந்த வாக்கியம் காத்திருந்தது அவருக்கே புரிந்தது. சிஸ்டருக்கும் புரிந்தது. அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். பழைய கடைத்தெரு, பழைய ஹாரன் எல்லாம் அந்தப் பார்வையில் வந்து போனது. அப்படியா சேதி என்று கேட்பது போல இருந்தது. பிறகு பின் சீட்டிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்.

ஆனாலும் சிஸ்டர் விட்டுவிடவில்லை. அப்பா கொடுத்த வண்டி. அடுத்த வாரமும் பிடிவாதமாக எடுத்துக்கொண்டு போனார். சரிவான தெரு ஒன்றில், பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் வீட்டுக்கு முன்னால், வேகத்தைக் குறைத்தபோது இன்ஜின் நின்றது. பிரேக்கை மிதித்தார். மிதி இறங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி தன்பாட்டுக்கு இறங்கிப் போய் அந்த வீட்டு இரும்புக் கேட்டை மோதிச் சாய்த்துவிட்டு நின்றது. கேட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள் அலறிக்கொண்டு ஓடினாள். யாருக்கும் அடி இல்லை.  ஆனால் அன்று தன் கையால் ஊசி போடச் சிஸ்டருக்கே பயமாக இருந்தது. போடவும் இல்லை.

எடைக்காரர் மில்லிலிருந்து ஓடி வந்தார். பட்டறையிலிருந்து வந்த நாளைக்கு, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"நான் அப்பவே சார்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சிஸ்டர், இது உங்களுக்கு ஒத்துவராதுன்னு. நீங்கதான் மூணாம் நம்பர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறதா சார் சொன்னாரு. அதனாலதான் போட்டேன்."

 எடைக்காரர் கேட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் அவரைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது.

சிஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா" என்றார். "நான்தான் சொன்னேன். என் தப்புதான்."

அன்று சிஸ்டர் அவரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் அவர் பிழைத்துப்போயிருப்பார். சண்டை போட்டிருக்கலாம், பழைய கணக்கையெல்லாம் எடுத்திருக்கலாம், அழுதுகூட இருக்கலாம். ஊர் முன்னால் காப்பாற்றப்பட்ட மனிதன் பிறகு எந்த வாயால் பேசுவான்?

வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் சாவியை மேஜையில் அவர் பக்கமாக வைத்தார்.

"ஒண்ணாம் நம்பரே மாத்திடலாம்" என்றார் எடைக்காரர்.

"வேணாங்க. இனி அது உங்க வண்டி."

"கோவமா?"

"இல்லை. களைப்பா இருக்கு."

சிஸ்டர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பஸ் போகாத தெருக்களிலிருந்த நோயாளிகளை ஒவ்வொருவராக விட்டார். பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் வலி வந்தது. கடைசியில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவரைவிடப் பாதி வயதுள்ள ஒரு மேனேஜர் பெண், "சிஸ்டர், போனை லாக்கர்ல வச்சுட்டு வாங்க" என்று தினமும் சொன்னாள். எந்த அதிகாரம் வேண்டாமென்று ஆஸ்பத்திரியை விட்டு வந்தாரோ, அதன் கீழேயே திரும்பிப் போய் நின்றார். வெளியூரிலிருந்து மகள் போனில் கேட்டாள். "அம்மா ஏம்ப்பா பஸ்ல போறாங்க? கார் என்ன ஆச்சு?"

"சின்ன ரிப்பேர்" என்றார் எடைக்காரர்.

கார் அவர் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டு போவார். மீட்டரில் முள் மூவாயிரத்தைத் தாண்டும்போதே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஸ்டியரிங் துடிக்கும், காற்று கதவில் அறையும். காலைத் தளர்த்திவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பறப்பது வேறு, தானே பறப்பது வேறு. பட்டறையில் ஆறாயிரம், "எவ்வளவு வரைக்கும் போனீங்க சார்?" என்று கேட்டபோது, "ஐயாயிரத்தைத் தாண்டிட்டேன்" என்று பொய் சொன்னார். உண்மையில் முள் மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டதே இல்லை. எந்தச் சுற்றுக்கு மேலே அந்தக் கேம் உயிர்பெறுமோ, அங்கே போகிற தைரியம் அவரிடம் இல்லை. அதற்குக் கீழே அது பிணம். அந்தப் பிணத்தைத்தான் வாராவாரம் ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். சிஸ்டர் ஒருநாளும் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தார், துணி மடித்தார், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தினார். நோயாளியிடம் நடந்துகொள்கிற மாதிரியே நடந்துகொண்டார்.

கடைசியில் எடைக்காரர் யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போய், "ஒண்ணாம் நம்பர் போட்டுடுங்க" என்றார். நாளைக்கு காரணம் கேட்கவில்லை. அந்த ஒரு வேலையை மட்டும் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். வண்டி பழையபடி பூனைபோல முனகியது, ஊர்ந்தது, இரண்டாவது கியரில் சொன்னபடி கேட்டது.

அன்று சாயங்காலம் மழை. எடைக்காரர் கிளினிக் வாசலில் போய் நின்றார். சிஸ்டர் வெளியே வந்து, காரைப் பார்த்து, படியிலேயே நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எடைக்காரர் சட்டென்று இறங்கி, மழையில் நனைந்தபடி ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நீ எடும்மா" என்றார்.

சிஸ்டர் குடையை மடக்கினார். அவரைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"நனையாதீங்க. ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

எடைக்காரர் ஏறினார். முன்னால் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அப்போது கிளினிக்கிலிருந்து இன்னொரு நர்ஸ் கைப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சிறு வயது, வேலைக்குப் புதியவள். ஜன்னலில் குனிந்து, "அண்ணே, பஸ் ஸ்டாண்டு பக்கமாத்தானே போறீங்க? என்னையும் இறக்கி விட்டுடுறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். "டிரைவரோட வண்டி வச்சுட்டீங்களா சிஸ்டர்? நல்லதாப் போச்சு, இந்த மழைக்கு."

எடைக்காரர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். இவர் யார் என்று சிஸ்டர் சொல்வார் என்று காத்திருந்தார்.

"ஆமா" என்றார் சிஸ்டர். பிறகு அந்தப் பெண்ணிடம், மறுநாள் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பேச ஆரம்பித்தார். இருவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். எடைக்காரர் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.